மலைமேல் மூன்று கம்ப்யூட்டரும் முப்பத்தெட்டுச் சான்றிதழும்

1. யார் போவது?

புதன்கிழமை காலையில் முதலாளியிடமிருந்து போன். எங்கள் கம்பெனி வேலூரில் இருக்கிறது. நான் அதில் மூத்த சர்வீஸ் இன்ஜினியர். பெயர் பத்மா, சொந்த ஊர் கலசப்பாக்கம், சர்வீஸ் இருபத்தாறு வருஷம். இவ்வளவு சர்வீஸ் போட்டவளை ஊர் ஊராக அனுப்பக் கூடாது என்று ஆபீசில் ஒரு மரியாதை உண்டு. ஆள் கிடைக்காத நாளில் அந்த மரியாதை செல்லாது.

"பத்மா, ஜமுனாமரத்தூர் போணும்மா. சாமை சங்கம். பசங்க ரெண்டு பேரும் லீவு. நீயே போய்ட்டு வந்துடு."

"இன்னா சார் வேலை?"

"அந்த சான்றிதழ் லைப்ரரிதான். மூணு சிஸ்டம், மூணும் வேற வேற. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஓடணும். ஓடலன்னா அவங்களுக்கு இந்த வருஷ வெள்ளாமை போச்சு."

விஷயம் இதுதான். ஜவ்வாது மலையில் முப்பத்தெட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். மூன்று வருஷமாக உரமும் மருந்தும் போடாமல் சாமை விதைக்கிறார்கள். ஒருத்தி நிலத்தை மற்றவர்கள் போய்ப் பார்ப்பார்கள். எங்காவது உரச் சாக்கு கிடக்கிறதா, மருந்து வாடை அடிக்கிறதா என்று துருவித் துருவிப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சான்று கொடுப்பார்கள். சென்னைக் கம்பெனி ஒன்று அந்தச் சாமையை விளைவித்தவர் பெயர் போட்டே விற்கத் தயாராக இருந்தது. ஆனால் காகிதச் சான்று வேண்டாம் என்றது. காகிதத்தை யார் வேண்டுமானாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறார்களாம். சான்று டிஜிட்டலாக வர வேண்டும், அவர்கள் கம்ப்யூட்டரில் பச்சை டிக் விழ வேண்டும். விழாவிட்டால் அந்தச் சாமை போளூரில் ஏதோ ஒரு கிடங்குக்குப் போய், உரம் போட்டதோடு கலந்து, யாருடையது என்றே தெரியாமல் போய்விடும்.

இந்தச் சான்றை எழுத, வாங்கி வைக்க, சோதிக்க என்று ஒரு சாஃப்ட்வேர் லைப்ரரி இருக்கிறது. லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம், இது மற்ற சாஃப்ட்வேர்கள் எடுத்துப் பயன்படுத்துகிற புரோகிராம் கட்டு. சான்று எழுதும் ஆபீஸ் கம்ப்யூட்டர் விண்டோஸ். வாங்கி வைக்கும் சங்கத்து லேப்டாப் உபுண்டு, அதாவது விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம். சோதிக்கப்போவது சென்னை அதிகாரியின் மேக், அது வெள்ளிக்கிழமை அவரோடுதான் வரும். மூன்றிலும் இதை ஏற்றி, ஒன்றோடொன்று பேச வைத்துவிட்டு வர வேண்டும்.

2. விண்டோஸ்: திட்டு வாங்கிய மெஷின்

சங்கத்தின் ஆபீஸ் என்பது சாமை உடைக்கும் மில்லை ஒட்டிய ஒரு அறை. மில் ஓடினால் மேஜை அதிரும். கீபோர்டில் தவிடு வந்து உட்காரும். தலைவி காசியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கலாம். ஆபரேட்டர் கோமதி மலையிலேயே பிறந்து கீழே போய் டிகிரி முடித்தவள், பேச்சில் சிக்கனம்.

"வாங்க மேடம். காபி குடிங்க மொதல்ல. பொட்டி எங்கியும் ஓடிப் போவாது" என்றார் காசியம்மாள்.

காபி குடித்துவிட்டு இன்ஸ்டால் போட்டேன். எரர். மறுபடி போட்டேன். மறுபடி எரர். தேவையான துணை ஃபைல் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு மணி நேரம் அந்த மெஷினையும் அதன் பரம்பரையையும் திட்டித் தீர்த்தேன். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கோமதி மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், மெஷினு அறுபத்தி நாலு பிட்டு. நீங்க போடுற ஃபோல்டர் பேர்ல முப்பத்தி ரெண்டுன்னு கீது. பரவால்லியா?"

பரவாயில்லாமல் என்ன? அதுதான் மொத்தப் பிரச்சினையே. இருபத்தாறு வருஷ சர்வீசும் அந்த நிமிஷம் காற்றில் போனது. சரியான ஃபோல்டரிலிருந்து போட்டதும் பத்து நிமிஷத்தில் ஓடியது. "இப்பத்தான் உன்ன டெஸ்ட் பண்ணேன், பாஸாய்ட்ட" என்று கோமதியிடம் சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று சாப்பாடு காசியம்மாள் வீட்டில். சாமைச் சோறும் புளிக்குழம்பும். பரிமாறிக்கொண்டே பேசினார்.

"மொத வருசம் பாதிதாம்மா வெளஞ்சுது. எங்க வூட்டுக்காரரு சிரிச்சாரு. பக்கத்துக் கொல்லையில உரம் போட்டவன் மூட்ட மூட்டயா ஏத்துறான், நீ இன்னாத்துக்கு இப்பிடி கெடந்து அடிச்சுக்குற, உன் சாமைல உன் பேரா எழுதிக்கினு கீதுன்னாரு. எனுக்கு வேற எதுவும் வாணாம் மேடம். இது காசியம்மா வெளய வெச்சதுன்னு ஒரு எடத்துல இருந்தா போதும்."

இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

3. உபுண்டு: வெற்றி மாதிரி ஒன்று

வியாழக்கிழமை உபுண்டு லேப்டாப். இதில் எனக்குப் பயமில்லை. டெர்மினலைத் திறந்து நாலு வரி கட்டளை கொடுத்தேன். கேட்ட துணைப் பேக்கேஜ்களையெல்லாம் தானே இழுத்துப் போட்டுக்கொண்டது. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று கோமதியை விண்டோஸில் ஒரு டெஸ்ட் சான்று எழுதி அனுப்பச் சொன்னேன்.

உபுண்டு அதை ஏற்க மறுத்தது. "செல்லாது" என்று ஒரு சிவப்பு வரி, அதற்கு மேல் விளக்கமில்லை.

இரண்டு பக்கமும் வெர்ஷன் பார்த்தேன், ஒன்றுதான். சான்றுக்குப் பூட்டுப் போடும் டிஜிட்டல் சாவி பார்த்தேன், சரிதான். ரெடிமேட் பேக்கேஜில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அதை அழித்துவிட்டு, மூலப் புரோகிராமிலிருந்து நானே அதைப் புதிதாகக் கட்டி எடுக்க, அதாவது கம்பைல் செய்ய, உட்கார்ந்தேன். அந்தப் பழைய லேப்டாப் முக்கி முனகி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் அதே டெஸ்ட் சான்றைக் கொடுத்தேன். பச்சை டிக்.

காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள புடவையில் வசதி இல்லை, இருந்திருந்தால் செய்திருப்பேன். முதலாளிக்குப் போன் போட்டேன்.

"சார், ரெடிமேட் பேக்கேஜ் சரியில்ல. நானே கம்பைல் பண்ணி ஓட வெச்சுட்டேன்."

"அதான் உன்ன அனுப்புனேன்" என்றார். மனிதர் லீவு போட்ட பையன்களை மறந்தே போய்விட்டார்.

அப்போது நான் புதிதாக இன்னொரு சான்று எழுதிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் கை அடுத்த சோதனைக்குப் போகாது.

4. வெள்ளிக்கிழமை

சென்னை அதிகாரி பெயர் அரவிந்த். பதினோரு மணிக்குக் காரில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும், மரியாதையாகப் பேசினார், ஆனால் அவசரத்தில் இருந்தார். முப்பத்தெட்டுப் பெண்களும் காலை பஸ்ஸிலேயே வந்து அறைக்கு உள்ளேயும் வெளியேயும் உட்கார்ந்திருந்தார்கள். சான்று யாருக்கோ அந்தப் பெண்ணே ரேகைக் கருவியில் விரல் வைத்து ஏற்க வேண்டும், அதனால் எல்லோரும் நேரில் இருந்தாக வேண்டும்.

மேக்கில் இன்ஸ்டால் செய்ய நான் பட்ட கஷ்டம் ஒன்றுமில்லை என்றே சொல்ல வேண்டும். எந்த சிப் என்று முதலில் கேட்டு (கோமதி சொல்லிக் கொடுத்த பாடம்), அதற்கேற்ற கோப்பைப் போட்டேன். தெரியாத இடத்துச் சாஃப்ட்வேர், அனுமதிக்கலாமா என்று கேட்டது. அரவிந்த் பாஸ்வேர்டு போட்டார். முடிந்தது.

"பரவால்லியே மேடம். வேற எடத்துல இதுக்கே அரை நாள் ஆச்சு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு, வந்தவர்களின் பெயர்களையும் நிலங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஒரு மணி நேரம் போனது. பிறகு கோமதி முதல் சான்றை எழுதினாள். முதல் ஆள் விரல் வைத்தார். உபுண்டு: செல்லாது. நேராக மேக்குக்கே அனுப்பினேன். அதுவும் சொன்னது: செல்லாது. இரண்டாவது ஆள். செல்லாது.

"நேத்து டெஸ்ட் பண்ணலியா மேடம்?" என்றார் அரவிந்த்.

"பண்ணேன் சார். இப்பிடித்தான் வந்துச்சு. மறுபடி இன்ஸ்டால் பண்ணேன், சரியாய்ட்ச்சு."

"அப்போ ஒவ்வொரு தடவையும் மறுபடி இன்ஸ்டால் பண்ணுவீங்களா?"

மெஷின் தன் வேலையைக் குறித்து வைக்கும் லாகைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். எல்லா வரியும் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் காசியம்மாள் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் மற்ற பெண்களும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாய்ட்ச்சு மேடம். பன்னெண்டே முக்காலு பஸ்ஸ வுட்டா அப்பால சாயந்தரந்தான். அதுவும் எங்கூரு வரைக்கும் போவாது, காட்டுக்குள்ள நடக்கணும்."

"அவங்க போய்ட்டா நான் இருந்து என்ன பண்றது? இந்த சீசன் இன்னொரு தடவ வர முடியாதுங்க" என்று அரவிந்த் மேக்கை மூடப் போனார். காசியம்மாள் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவால்ல மேடம், நீங்களும் மூணு நாளா பாடுபட்டீங்க" என்றார்.

எவ்வளவு நேரம்தான் இருக்கிறது என்று என் போனை எடுத்துப் பார்த்தேன். 12.13. கோமதியின் விண்டோஸ் திரை மூலையைப் பார்த்தேன். 12.38.

"கோமதி, இன்னா இது? மணி தப்பா கீது?"

"தப்பு இல்ல மேடம். அது பஸ் டைம்."

"பஸ் டைமா?"

காசியம்மாள் விளக்கினார். "பஸ்ஸ வுட்டுடக் கூடாதுன்னு செவத்துக் கடியாரத்த இருபத்தஞ்சு நிமிசம் முன்னாடி வெச்சிருந்தோம் மேடம். கூட்டத்துல பேச ஒக்காந்தா எங்குளுக்கு நேரம் தெரியாது. அந்தக் கடியாரம் செத்துப் பூட்ச்சு. அப்பாலதான் இந்தப் பொட்டில வெக்கச் சொன்னோம். இங்க எல்லாருக்கும் தெரியுமே. தெரிஞ்சாலும் அதப் பாத்துத்தான் எழுந்துக்குறது."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

நான் கத்தியே விட்டேன். சான்று எழுதும்போது அதற்குள் நேரமும் பதியும். விண்டோஸ் 12.38 என்று எழுதுகிறது. மற்ற இரண்டும் இன்டர்நெட்டில் சரியான நேரம் எடுத்து 12.13ல் நிற்கின்றன. இன்னும் பிறக்காத சான்றை அவை எப்படி ஏற்கும்? நேற்று நான் முக்கால் மணி நேரம் கம்பைல் செய்து கிழித்தது எதுவுமில்லை. அந்த முக்கால் மணி போனதில், டெஸ்ட் சான்றில் எழுதியிருந்த நேரம் தானாக வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ரெடிமேட் பேக்கேஜ் மேல் பழியைப் போட்டு முதலாளியிடம் பாராட்டு வேறு வாங்கியிருந்தேன். லாகில் இருக்கும் நேரம் கிரீன்விச் கணக்கு, ஐந்தரை மணி நேரம் தள்ளி இருக்கும், அதனால் கண்ணில் படவும் இல்லை.

ஆட்டோமேட்டிக் டைமை ஆன் செய்தேன். மூலையில் இருந்த மணி 12.14க்கு இறங்கியது. பழைய இரண்டையும் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன். விரல் வைத்தார்கள். உபுண்டு: பச்சை. மேக்: பச்சை.

அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. பஸ்ஸுக்கு ஏழு நிமிஷம்தான் என்று எல்லோரும் எழுந்து நின்றார்களே, உண்மையில் அரை மணி இருக்கிறது. எங்களைக் கவிழ்த்த அந்த இருபத்தைந்து நிமிஷம்தான் இப்போது கையில் இருந்தது.

"ஒக்காருங்கம்மா எல்லாரும்! வரிசையா வாங்க!"

கோமதி எழுத, நான் அனுப்ப, அரவிந்த் பெயரைச் சத்தமாகப் படித்து "செல்லும்" என்று சொல்ல, ஒவ்வொரு தடவையும் வெளியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மில்லை யாரோ நிறுத்திவிட்டார்கள். பத்து, இருபது, முப்பது. அரவிந்தின் அவசரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோமதியோடு போட்டி போட்டார். காசியம்மாள் தன்னைக் கடைசியில்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். முப்பத்தேழு முடிந்தபோது ரோட்டில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெண்கள் ஓடினார்கள். கண்டக்டர் ஜன்னலருகில் வந்தே கத்தினார்.

"இன்னாம்மா, வர்றியா இல்லியா?"

காசியம்மாள் விரலை எடுக்காமல், திரையிலிருந்து கண்ணையும் எடுக்காமல் திருப்பிக் கத்தினார்.

"இருப்பா! என் பேரு வந்துக்கினு கீது!"

வந்தது. பச்சை டிக்கோடு, தமிழில், முழுப் பெயரும் நிலத்தின் பெயரும். எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தார். "இத யாராச்சும் மாத்திட முடியுமா மேடம்?" என்று கேட்டார். "ஒரு எழுத்த மாத்துனாலும் சிவப்பாய்டும்மா, யாராலயும் முடியாது" என்றேன். என் கன்னத்தை ஒரு தடவை தட்டிவிட்டு ஓடிப் போய் பஸ்ஸில் ஏறினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் கோமதியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். இத்தனை வருஷ சர்வீசில் ஒரு இன்ஸ்டாலேஷனுக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

5. முதலாளி கேட்ட கேள்வி

கீழே இறங்கும்போது முதலாளி போனில் கேட்டார். "எந்த சிஸ்டத்துலம்மா பிரச்சினை? விண்டோஸா, உபுண்டுவா, மேக்கா?"

"எதுலயும் இல்ல சார். நேத்து சொன்ன பேக்கேஜ்லயும் ஒண்ணும் இல்ல. அத நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பிட் பார், சிப் பார், வெர்ஷன் பார், சிஸ்டத்தின் நேரத்தையும் பார். ஆனால் பென்டிரைவைச் செருகும் முன்னால், அந்த மெஷினோடு தினமும் இருக்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேள்: "இதுல உங்க வசதிக்கு எதாச்சும் மாத்தி வெச்சிருக்கீங்களா?" மூன்று நாள் நான் தேடியதை முப்பத்தெட்டுப் பேரும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை.