சிவப்புக் கொப்பியில் எழுதாத முகவரி

காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு மின்சாரம் போனது. பத்து மணிக்கு மகனுக்குத் தொலைபேசி எடுப்பதாகச் சொல்லியிருந்ததால் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடிதான் இருந்தேன். அந்த நிமிடத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

யுத்தம் முற்றியிருந்த காலம். கண்டியில் ஒரு தனியார் கணினிக் கல்லூரியின் வலையமைப்பு ஆய்வுகூடத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். தரவுகளுக்கு வழிகாட்டி அனுப்பும் ஐந்து ரவுட்டர்களுக்கும் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களை வைத்திருந்தோம். அன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து பரிசோதகர்கள் வரவிருந்தார்கள். ஆய்வுகூடம் தேறினால் கல்லூரிக்கு அடுத்த வருட அனுமதி. என் மகனுக்கு ஒரு கடிதம்.

மகனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டை சொல்லியது. இரண்டு வாரங்களுக்கு முன் ரியூசனுக்குப் போனவனைப் பொலிஸார் பஸ்ஸிலிருந்து இறக்கி ஆறு மணித்தியாலம் வைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து வந்த தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவைப் புதுப்பிக்க, தாய் இங்கே வேலை செய்கிறாள் என்று வேலை கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம். பரிசோதனை நல்லபடி முடிந்தால் அன்றைக்கே தருவதாகப் பணிப்பாளர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு வாரமும் பிள்ளை வாடகை அறையை விட்டு வெளியே வரவில்லை.

மின்சாரம் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. மின்சாரம் போனால் தாங்க வேண்டிய பற்றரி பழுதாகியிருந்ததால் ரவுட்டர்கள் எல்லாம் நின்று மறுபடி எழும்பின. நான்கு ஒழுங்காக எழும்பின. ஓரத்தில் இருந்த கடுகண்ணாவை என்ற ரவுட்டர் மட்டும் தன் ஒரே அயலான கெலிஓயாவோடு சேரவில்லை. பரிசோதகர்களுக்கு நாங்கள் காட்ட இருந்தது, தரவுப் பொதிகளின் மேல் லேபல் எண்ணை ஒட்டி, அந்த எண்ணைப் பார்த்தே அனுப்பும் முறை. எந்த எண் எந்த வழிக்கு என்று இரண்டு அயல் ரவுட்டர்களும் முதலில் பேசி முடிக்க வேண்டும். இவை பேசவே தொடங்கவில்லை.

என்னோடு வேலை செய்தவர் கண்டி டவுனில் பிறந்த தமிழர். அவருடைய அப்பாவின் கடை கலவரத்தில் எரிந்தது. எரித்தவர்களை விட, அதற்குக் காரணம் நாங்கள்தான் என்று என்னைப் போன்ற யாழ்ப்பாணத்தாரிலேதான் அவருக்குக் கோபம். மாணவர்களுக்குக் கேட்கும்படி வாசலில் நின்று சொன்னார்:

"கரண்டு போன நேரம் உள்ளுக்கு இருந்தது நீங்க மட்டுந்தானே மிஸ். நாள் பாத்துத்தான் இது நடக்குது. ஒங்க ஆளுங்களுக்கு வயரக் கண்டா கை சும்மா இருக்காதே."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நான் ஒண்டிலயும் கை வைக்கேல்லை," என்றேன்.

"அத பொலிஸ்ல சொல்லுங்க."

பிறகு அவர் அலுவலகத்துக்குப் போய், பரிசோதகர்களை அழைத்துவரப் போயிருந்த பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்து, நாசவேலையாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எழுதுவினைஞர் பெண் வந்து இரகசியமாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல் ஒரு வீட்டையே கொண்டுபோகும்.

பிழையை நானே தேடத் தொடங்கினேன். கேபிளில் பிழை இல்லை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று இரண்டு பக்கமும் அனுப்பும் வணக்கச் செய்திகளும் மற்றப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. ஒன்றையொன்று தெரிகிறது, உரையாடல்தான் அமையவில்லை. அப்போதுதான் கடுகண்ணாவை தன் அடையாளமாக அறிவித்த முகவரியைப் பார்த்தேன். நான் ஒருநாளும் கொடுக்காத முகவரி. அதற்குப் போகும் வழி கெலிஓயாவுக்குத் தெரியாது. வழி தெரியாத முகவரியோடு அது எப்படிப் பேசும்?

ரவுட்டர் தன்னிடமுள்ள உள்முகவரிகளில் எண்ணால் ஆகப் பெரியதை அடையாளமாக எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றாது, நின்று எழும்பும்போதுதான் மாற்றும். யாரோ ஒரு பெரிய முகவரியை முன்னரே போட்டு, சேமித்தும் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போகும் வரை அது உறங்கிக் கிடந்திருக்கிறது. எந்த மாற்றத்தையும் சிவப்புக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைப்பது எங்கள் வழக்கம். கொப்பியில் ஒன்றுமில்லை. ஆனால் ரவுட்டர்கள் தங்கள் செய்திகளை மூலையிலிருந்த கணினிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தன. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அதில் இருந்தது: ஆறு நாட்களுக்கு முன், பிற்பகல் நாலு மணி பன்னிரண்டு, என்னைக் குற்றம் சொன்னவருடைய பெயர். வெளிநாட்டு வேலைக்கான சோதனைக்கு எங்கள் ரவுட்டரில் பழகியிருக்கிறார்.

அந்தப் பக்கத்தை இரண்டு பிரதி அச்சடித்தேன். ஒன்றை மேசை லாச்சியில் வைத்தேன். மற்றது சாப்பாட்டுப் பையின் அடியில். அது இன்றைக்கும் என் அலுமாரியில் இருக்கிறது. அவர் இப்போது வெளிநாட்டில் பெரிய பதவியில் இருக்கிறாராம். அவருடைய மேலதிகாரிக்கு அனுப்ப எத்தனையோ தரம் கடித உறை வாங்கியிருக்கிறேன்.

அந்த முகவரியை அழித்து, ரவுட்டரைப் பழைய அடையாளத்துக்குத் திருப்ப ஐந்து நிமிடம் போதும். நான் அழிக்கவில்லை. பரிசோதகர்களுக்கு முன்னால் அவர் தன் பெயரைத் தானே வாசிக்க வேண்டும் என்று விரும்பினேன். ஒன்றே முக்கால் வரை பொறுப்பேன், அதற்கு மேல் மகனுக்காகத் திருத்துவேன் என்று கணக்குப் போட்டேன். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் அவனைப் பிடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்படியும் அசையவில்லை.

பன்னிரண்டு மணியளவில் அவருடைய குரல் இறங்கியிருந்தது. "ஏதாவது கிடைச்சுதா மிஸ்?"

"தேடுறன்."

கேபிளை மூன்று தரம் மாற்றினார். மேசைக்குக் கீழே தவழ்ந்து வயர்களை இழுத்துப் பார்த்தார். நான் புட்டுப் பொதியைப் பிரித்து, அவர் தவழ்வதைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் வேறெதையும் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

ஒன்று இருபதுக்குப் பணிப்பாளர் தனியாக வந்தார். பரிசோதகர்களைச் சாப்பாட்டில் இருத்திவிட்டு வந்திருந்தார். கண்டிப் பக்கத்து முஸ்லிம் மனிதர், அதிகம் பேசாதவர். நான் லாச்சியிலிருந்த தாளை எடுத்து நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். மேசைக்குக் கீழிருந்து எழும்பியவரின் முகம் வெளுத்தது.

"பழகிப் பாத்தேன் சேர். அழிக்க மறந்துட்டேன்," என்றார்.

பணிப்பாளர் தாளை மேசையில் வைத்தார். அவரைப் பார்க்கவில்லை. திருத்த எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். செய்யச் சொன்னார். செய்தேன். திரையில் கடுகண்ணாவையின் அயலாகக் கெலிஓயா வந்தது. தாளை நான் மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன். இனி அந்த மனிதரை வெளியே அனுப்புவார், நாசவேலை என்ற அந்தச் சொல்லுக்கு மாணவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வைப்பார் என்று காத்திருந்தேன். அவர் தன் அறைக்குப் போய், ஒட்டாத ஒரு கடித உறையோடு திரும்பி வந்தார்.

"இந்தாங்க மிஸ், ஒங்கட மகன்ட கடிதம். அந்தத் தாள என்ட கையில தாங்க. கரண்டு போனதால வந்த பிழைன்னு கொப்பியில எழுதி, நீங்களே சைன் வைங்க."