பங்கர் வாசலில் நாற்பத்தேழு

என் வலது முழங்காலை மடக்க முடியாதபடி எலும்போடு எலும்பாகப் பொருத்திவிடலாம் என்று பட்டணத்து எலும்பு டொக்டர் சொன்னபோது எனக்கு அறுபத்தொரு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம். சைக்கிளில் விழுந்து நொறுங்கிய மூட்டு பதினெட்டு வருடமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. செயற்கை மூட்டு வைக்கும் வசதி அப்போது அங்கே இல்லை.

"வெட்டினால் நோவு போகும். ஆனால் கால் தடி மாதிரி நீட்டினபடிதான். என்ன செய்வம், மாஸ்ரர்?"

"நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ, ஐயா."

நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம். அது மரியாதை என்று நினைப்பு. அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"அந்தக் காலோடை சீவிக்கப் போறது நானே? ஒரு கிழமைக்குப் பிளாஸ்ரர் போட்டுவிடுறன். மடக்காத கால் எப்பிடியெண்டு இருந்து பாருங்கோ. பிறகு மூண்டு பேருமா முடிவெடுப்பம்."

மூன்றாவது ஆள் என் மனைவி. பிளாஸ்ரருக்கும் தட்டுப்பாடான காலம். எனக்கு ஐந்து சுருள் போயிற்று.

எங்கள் ஊர் கரவெட்டிக்குத் திரும்பியபின் நோவே இல்லை. வழமையாக இரவில் நாலைந்து தரம் விழிப்பேன். இப்போது ஒருதரமும் இல்லை. குறைகளைக் கொப்பியில் இலக்கமிட்டு எழுதினேன். சைக்கிள் ஓட முடியாது. சாப்பிட இரண்டு கதிரை வேண்டும், ஒன்று காலை நீட்டிவைக்க. கக்கூசுக்கு ஓட்டை போட்ட கதிரை. மொத்தம் ஒன்பது. எல்லாம் தாங்கக்கூடியவை.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு விமானச் சத்தம் கேட்டது. எங்கள் பங்கர் கொல்லையில் வெட்டிய பதுங்குகுழி, பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கியது. ஐந்து படி இறங்கினால் 'ட' எழுத்துப்போல ஒரு வளைவு. முதலில் நான், பிறகு அவள். பயத்தில் நான் எண்ணுவேன். நான் உள்ளே போக எப்போதும் பன்னிரண்டு.

அன்று நீட்டிய கால் வளைவில் திரும்பவில்லை.

"நீர் முதல்லை உள்ளை போம்!" என்று கத்தினேன்.

"எதுக்குள்ளாலை? வழியை அடைச்சுக்கொண்டு கதை வேறை!"

அவள் வெளியே நின்றபடி என் குதிக்காலைத் தூக்கித் தூக்கித் திருப்பினாள். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. நான் உள்ளே போய் அவளுக்கு வழி விட்டபோது நாற்பத்தேழு.

அதைக் கொப்பியில் எழுதவில்லை. எனக்கு நித்திரை வேண்டியிருந்தது.

அடுத்த நாள் டொக்டர் ஒன்பதையும் வாசித்துவிட்டு அவளைப் பார்த்தார். "அம்மா என்ன சொல்லுறியள்?"

"வெட்டிவிடுங்கோ, டொக்டர். ஒரு கிழமையாய் இந்த மனிசன் ஒருத்தரையும் ஏசேல்லை."

அவர் சிரித்தார். "அப்ப மாஸ்ரர்?"

ஓம் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அவள் நகத்தில் என் பிளாஸ்ரரின் வெள்ளைத் துகள் இன்னும் ஒட்டியிருந்தது.

"பங்கருக்கை இறங்க நாற்பத்தேழு எண்ணுற நேரம்," என்றேன். "முந்திப் பன்னிரண்டு. அவ்வளவு நேரமும் இவ வெளியிலை."

"முன்னுக்கு இவ இறங்கேலாதோ?"

"மாட்டன்," என்றாள் அவள்.

"வளைவை எடுத்தால்?"

"குண்டுச் சிதறல் நேரை உள்ளை வரும்," என்றேன்.

டொக்டர் கொப்பியை என்னிடம் திருப்பித் தந்தார். "அப்ப இப்ப வேண்டாம், என்ன? மனம் மாறினால் வாங்கோ." பிளாஸ்ரரை அவரே வெட்டினார்.

மண்ணெண்ணெயில் ஓடிய வான் புத்தூரைத் தாண்ட முன்னமே நோவு திரும்பிவிட்டது. நெல்லியடியில் இறங்கும்போது அவள், "நான் எங்கை நிக்கிறதெண்டது என்ரை பாடு. உங்களை ஆர் கேட்டது?" என்றாள்.

நான்கு நாள் கழித்து மறுபடி விமானம் வந்தது. ஒரு கிழமை கட்டிக் கிடந்த மூட்டு இறுகிவிட்டதோ என்னவோ, உள்ளே போகப் பதினைந்து ஆயிற்று. எவ்வளவு என்று இருட்டுக்குள் கேட்டாள்.

பன்னிரண்டு என்றேன்.