தனியாள் வரிசை

எதிர் வீட்டு வெர்னன் ஹ்ருஸ்கா வெளியூர் போனால் அவருடைய பூனைக்குத் தீனி வைப்பது நான்தான். அந்தப் பூனைக்கு நன்றி என்பது மருந்துக்கும் கிடையாது. என்னைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காரும். இருந்தாலும் வருஷா வருஷம் ஜூலையில் சாவியை வாங்கிக்கொள்கிறேன். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

கதவு முழுக்கப் படம். ரோலர் கோஸ்டர் உச்சியிலிருந்து கீழே விழும் நேரத்தில் பூங்காக்காரர்களே எடுத்து, வெளியே வரும்போது நம் தலையில் கட்டுவார்களே, அந்தப் படங்கள். எல்லாவற்றிலும் வெர்னன் வாயைப் பிளந்துகொண்டிருப்பார். பக்கத்தில் மட்டும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றில் பல்லுக்குக் கம்பி போட்ட பொடியன். ஒன்றில் கழுத்தெல்லாம் பச்சை குத்திய மொட்டைத்தலையர். இன்னொன்றில் முகத்தை முடி மூடிய ஒரு பெண், உயிரோடுதான் இருக்கிறாளா என்றே சொல்ல முடியாது.

“யாருங்க இவங்கள்லாம்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தெரியாது. ஓஹாயோல பக்கத்துல உட்கார்ந்தாங்க” என்றார்.

வெர்னனுக்கு மாவட்டச் சாலைத் துறையில் வேலை. கோடையில் குழி அடைப்பார், குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவார். எங்கள் பென்சில்வேனியா மலைச்சாலையில் அவர் லாரி வந்து போன பிறகுதான் மற்றவர்கள் வண்டியை வெளியே எடுக்க முடியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்தவர் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஏன் என்று கேட்டேன். அவர் பூனையைப் பார்த்தார். அத்தோடு விட்டுவிட்டேன்.

அவருக்கு நண்பர்கள் என்றால் நான்கு பேர், இரண்டு ஜோடி. டயர் கடை வைத்திருக்கும் கர்ட், அவன் மனைவி ரோண்டா. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டுவெய்ன், அவன் மனைவி மார்லீன். மார்லீன் முடி வெட்டும் கடை நடத்துகிறாள், என் தலையும் அவள் கைவண்ணம்தான். ஒரு காலத்தில் ஐந்து பேரும் ஒரே பௌலிங் அணி. இப்போது ஜூலை வந்தால் வெர்னனின் வேனில் கிளம்புவார்கள். பகலில் ரோலர் கோஸ்டர், சாயங்காலம் கேசினோ விடுதி. கேசினோக்காரர்கள் டுவெய்னுக்கு இலவசமாக அறை கொடுப்பார்கள். இலவசம் என்று அவன்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த மெஷின்களுக்கு அவன் ஊட்டியதற்கு அறைக் கதவையாவது கழற்றிக் கொடுத்தனுப்பலாம்.

ரோலர் கோஸ்டரில் இருக்கை இரண்டிரண்டாகத்தான் இருக்கும். ஐந்து பேர் போனால் ஒருவர் தனி. முதல் வருஷம் முதல் பூங்காவில், யார் தனியாக உட்காருவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். வெர்னன்தான் வாயைத் திறந்திருக்கிறார். “நீங்க ஜோடி ஜோடியா போங்கப்பா. எனக்குத் தனியாள் வரிசைதான் பிடிக்கும். சட்டுனு போயிடலாம்.”

அங்கே தனியாக வருபவர்களுக்கென்று பக்கத்திலேயே ஒரு குறுக்கு வரிசை உண்டு. எங்காவது ஒற்றை இருக்கை காலியாகப் போனால் அந்த வரிசையிலிருந்து ஓர் ஆளைப் பிடித்துப் போட்டு நிரப்புவார்கள். பெரிய வரிசை ஊர்ந்து போகும், இது ஓடிவிடும். வெர்னன் மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னார். புத்தியுள்ளவர்கள் என்ன செய்வார்கள்? “அதெல்லாம் வேண்டாம், மாறி மாறி உட்காரலாம், வா” என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். இந்த நான்கு பேரும் அப்படியே நம்பிவிட்டார்கள். அடுத்த கோஸ்டருக்குப் போனபோது யாரும் கேட்கக்கூட இல்லை. “வெளியே பார்க்கலாம் வெர்ன்!” என்று கையாட்டிவிட்டுப் போனார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. பைகளையும் கண்ணாடிகளையும் வாங்கிக்கொண்டு இவர் முன்னால் போய்ச் சுற்றிவிட்டு வந்து, குளிர்பானம் வாங்கி வைத்துக்கொண்டு வெளிவாசலில் காத்திருப்பார்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். விடுதியில் சோபா போட்ட மேஜையில் நான்கு பேர்தான் உட்காரலாம். வெர்னனுக்கு ஒரு நாற்காலியை இழுத்து நடைபாதையில் போடுவார்கள். தட்டு கொண்டுவரும் பெண்கள் அவர் முதுகில் இடித்து, அவரிடமே மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அறுபதாவது பிறந்தநாளுக்கு அந்த நான்கு பேரும் சேர்ந்து ஒரு பனியன் கொடுத்தார்கள். முதுகில் கொட்டை எழுத்தில் ‘தனியாள்’ என்று அச்சடித்திருந்தது. அதை வெர்னன் ஒவ்வொரு பயணத்திலும் போட்டுக்கொள்வார். நானாக இருந்திருந்தால் அதை வைத்து வண்டி துடைத்திருப்பேன்.

இந்த வருஷம் வசந்தத்தில் டுவெய்னுக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் குழாய் வைத்தார்கள். பயணத்துக்குத் தடையில்லை, கோஸ்டர் மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “நான் பாட்டுக்கு கேசினோவுல உட்கார்ந்திருக்கேன், நீங்க போய் வாந்தி எடுத்துட்டு வாங்க” என்றான் டுவெய்ன். சாவி கொடுக்க வந்த அன்று வெர்னன் இதை என்னிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கம்.

“அப்போ இந்தத் தடவை நாலு பேரு” என்றார்.

“ஆமா, நாலு பேர்” என்றேன்.

“நாலுன்னா ரெண்டு ஜோடி.” காதுவரை சிவந்துவிட்டார். “டுவெய்னுக்கு உடம்பு சரியில்லாததுல எனக்கு சந்தோஷம்னு நினைச்சுடாதீங்க.”

நான் அப்படி நினைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து கத்த வேண்டும் என்று ஒரு மனிதர் ஆசைப்படுகிறார். இதில் என்ன பாவம் இருக்கிறது? இனி நான் சொல்வது அவர் திரும்பி வந்து, சாவி வாங்கும் சாக்கில் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னது.

முதல் பூங்காவில் ஒன்றும் நடக்கவில்லை. மார்லீன் எதிலும் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டுவெய்னுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். மூச்சு வாங்குதா, மாத்திரை போட்டியா, உப்பு தின்னியா. கர்ட்டும் ரோண்டாவும் பெரிய வரிசைக்குப் போக, வெர்னன் வழக்கம்போல இந்தப் பக்கம் போனார்.

சாயங்காலம் கேசினோ விடுதியில் இறால் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு டுவெய்ன் பொரிந்து தள்ளினான். “இவ போன் அடிக்கிறப்பல்லாம் மெஷின் என் காசை முழுங்குதுடா! மார்லீன், நாளைக்கும் நீ பெஞ்சுல உட்கார்ந்தேன்னு கேள்விப்பட்டேன்னா, போனைத் தூக்கி ஏரியில போட்டுடுவேன். வெர்ன், நாளைக்கு இவளை உன்கூடக் கூட்டிட்டுப் போ. கையைக் கெட்டியா பிடிச்சுக்கோ, சறுக்குறப்போ பக்கத்துல இருக்கறவன் தோலை உரிச்சுடுவா.”

“நான் ஒண்ணும் உரிக்க மாட்டேன்” என்றாள் மார்லீன்.

“என் தோளைக் காட்டவா?”

எல்லோரும் சிரித்தார்கள். நடைபாதை நாற்காலியில் இருந்து வெர்னனும் சிரித்தார். ஒருத்தி அவர் முதுகில் இடித்துவிட்டுப் போனதுகூட அன்றைக்கு அவருக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ‘தனியாள்’ பனியனை அறையிலேயே விட்டுவிட்டு, நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். அடுத்த பூங்காவில் இருப்பது மரத்தால் கட்டிய பழைய கோஸ்டர், உடம்பையே உலுக்கி எடுத்துவிடும். வரிசை பிரியும் இடம் வந்ததும் கர்ட் பழக்கத்தில் தன் பையை நீட்டினான். “டேய் வெர்னு, உன் பக்கம் ஆளே இல்லடா, ஓடு.”

“இன்னைக்கு உங்ககூட வர்றேன்” என்றார் வெர்னன்.

“இந்த வரிசையிலயா? வேர் விட்டுடுவியே!”

“விடட்டும்.”

ரோண்டா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “சட்டையெல்லாம் புதுசா இருக்கு. வா, வா” என்றாள். அவ்வளவுதான். இது இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம்.

வரிசை கொஞ்சம் நகர்ந்தது, பிறகு நின்றது. கர்ட் முன்னால் நின்ற ஒரு ஆளைக் கண்ணால் காட்டினான். செருப்புக்குள் சாக்ஸ் போட்ட பெரியவர். “ஹெரால்டு” என்றான் மெதுவாக. மார்லீன் உடனே, “மறுபடியும் ஜாமீன்ல வந்துட்டாரா?” என்றாள். “அந்த வாத்து விஷயத்துலதானே?” என்றாள் ரோண்டா. மூன்று பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார்கள். முதலில் சிரிப்பவர் எலுமிச்சை ஜூஸ் வாங்கித்தர வேண்டும் என்பது அவர்கள் ஆட்டத்தின் விதியாம்.

“யாரு ஹெரால்டு?” என்று கேட்டார் வெர்னன்.

கர்ட் விளக்கினான். ஒரு வருஷம் வரிசையில் ஒருத்தர் இப்படித்தான் சாக்ஸ் போட்டு நின்றார், டுவெய்ன் அவருக்கு ஹெரால்டு என்று பேர் வைத்தான், அப்புறம் ஒரு வாத்து வந்தது... பாதியிலேயே அவனுக்குச் சுரத்து குறைந்துவிட்டது. “நீ அங்க இருந்திருக்கணும்டா” என்று முடித்தான். வெர்னன் சிரித்தார். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரித்தார்.

அப்புறம்தான் அது நடந்தது. முன்னால் இளஞ்சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ரோண்டா சாதாரணமாகச் சொன்னாள், “எனக்கும் இதே மாதிரிதான் ஒண்ணு வாங்கி வச்சீங்க. நல்லவேளை, கட்ட வேண்டி வரல.”

“எதுக்கு?” என்றார் வெர்னன்.

“மருந்துல முடி கொட்டிடுமோன்னுதான். கட்டி வந்ததே, அப்போ.”

“என்ன கட்டி?”

ரோண்டா கர்ட்டைப் பார்த்தாள், கர்ட் மார்லீனைப் பார்த்தான்.

“மார்புல” என்றாள் ரோண்டா. “மூணு வருஷம் ஆச்சு வெர்ன். எல்லார்கிட்டயும் சொன்னேனே. இதே மாதிரி ஒரு வரிசையிலதான், அந்தப் பச்சைக் கோஸ்டருக்கு நின்னப்போ...” அங்கேயே நிறுத்திவிட்டாள்.

“நான் வெளிவாசல்ல இருந்தேன்” என்றார் வெர்னன்.

அவருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. நான்கு பேரும் கண் சிவந்து இறங்கி வந்தார்கள். காற்று பலமாக அடித்திருக்கிறது என்று நினைத்து, “எப்படி இருந்துச்சு, சூப்பரா?” என்று கேட்டு ஆளுக்கொரு ஜூஸ் கொடுத்தாராம்.

“நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்” என்று கர்ட் ரோண்டாவிடம் முணுமுணுத்தான்.

“நீ சொல்லியிருப்பேன்னு நான் நினைச்சேன்.”

என்னிடம் வெர்னன் இதை இப்படித்தான் சொன்னார். “கோஸ்டர்ல ரெண்டு நிமிஷம் உட்கார்றோம். அதுலயும் யாரும் பேச முடியாது, கத்தத்தான் முடியும். நான் இத்தனை வருஷமா அந்த சீட்டுக்குத்தாங்க ஏங்கினேன். அவங்க சினேகமெல்லாம் வரிசையில நடந்திருக்கு. அதைத்தான் நான் சட்டுனு தாண்டிப் போயிட்டிருந்தேன்.”

வரிசையில் அவர் சொன்னது வேறு. “எனக்குத் தனியாள் வரிசை எப்பவுமே பிடிச்சதில்ல” என்று சொல்லியிருக்கிறார். கோபமாகச் சொல்ல நினைத்தாராம், வாயைத் திறந்தால் மன்னிப்புக் கேட்பது போல வந்ததாம். “முதல் நாள் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்க மறுபடி ஒரு தடவை கேட்டிருக்கலாம்.”

மார்லீன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மேடை வந்தது. எத்தனை பேர் என்று கேட்ட பணியாளிடம் “நாலு” என்று கர்ட் கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

வெர்னன் மார்லீன் பக்கத்தில் உட்கார்ந்தார். டுவெய்ன் சொன்னது பொய்யில்லை, என்னிடம் சட்டைக் கையை மடித்துக் காட்டினார், நகத்தடம் இன்னும் ஆறவில்லை. எல்லோரும் கத்தினார்கள். இவர் கத்த மறந்துவிட்டார். ரோண்டா கண் சிவந்து இறங்கி வந்த அந்த நாளையே நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்த கோஸ்டருக்கு அவர்களே அவரை நடுவில் விட்டுக்கொண்டு போனார்கள். வரிசை இன்னும் நீளம். யாரும் ஹெரால்டைத் தேடவில்லை. “வேலையெல்லாம் எப்படிப் போகுது வெர்ன்?” என்று கேட்டான் கர்ட். “பூனை நல்லா இருக்கா?” என்று கேட்டாள் ரோண்டா. “பனி அதிகமா இருந்துச்சே, லாரி ஓட்டறது கஷ்டமா இருந்திருக்குமே?” என்றாள் மார்லீன். ஒருவர் மாற்றி ஒருவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வந்தவர்கள் போல அன்பாகக் கேட்டார்கள். இவரும் நல்லாப் போகுது, நல்லா இருக்கு, கஷ்டம்தான் என்று பதில் சொன்னார். கேள்வி தீர்ந்துபோனதும் நான்கு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

அவர்கள் படும் பாட்டைப் பார்க்க வெர்னனுக்கே பொறுக்கவில்லை. “தாகமா இருக்கு, ஜூஸ் வாங்கிட்டு வந்துடறேன். இடத்தைப் பார்த்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு, வரிசையில் நிற்பவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். திருப்பத்தைக்கூடத் தாண்டவில்லை. பின்னால் கர்ட் ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது. உடனே மூன்று பேரும் வெடித்துச் சிரித்தார்கள். அடக்கிவைத்த சிரிப்பு, மார்லீன் இருமிவிட்டாளாம்.

“உங்களைப் பத்தித்தான் பேசியிருப்பாங்க, கேடுகெட்டதுங்க!” என்றேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த தடவை முடி வெட்டப் போகும்போது மார்லீனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வெர்னன் தலையை ஆட்டினார். “இல்லைங்க, ஹெரால்டுன்னு காதுல விழுந்துச்சு. என்னைப் பத்தி இல்ல.” காபிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். “என்னைப் பத்திச் சிரிச்சிருந்தாக்கூடத் தேவலைங்க. அந்தப் பேச்சுல நானும் இருந்திருப்பேனே.”