தையல்காரன் அறுத்த பலகை

என் தம்பிக்கு மரம் அறுக்கத் தெரியாது. துணி வெட்டத் தெரியும். அதில் அவன் கையை யாரும் குறை சொல்ல முடியாது. சட்டையோ பாவாடையோ, எதை வெட்டினாலும் ஓரத்தில் அரை அங்குலம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவான். மடித்துத் தைக்க இடம் வேண்டும், ஆள் பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்பான். அதனால் தெருவில் அவனுக்கு அரையங்குலம் என்றே பேர். அப்படிக் கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பான். கோபப்படத் தெரிந்திருந்தால் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லவும் தெரிந்திருக்கும்.

கல்யாணமாகி வெகுகாலம் அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை வந்து கலைந்துபோனது. இது மூன்றாவது. இந்த முறை கடவுள் கண்திறந்திருக்கிறார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுந்து நடமாடக் கூடாது, தலையணையைக்கூட உயர்த்தி வைக்கக் கூடாது, வண்டிப் பயணம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அவளைப் பார்த்துக்கொள்ள அவன் அக்கா நான் வந்து சேர்ந்தேன்.

படுத்திருப்பது சொல்லத்தான் சுகம். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து காஜா எடுத்து, பட்டன் தைத்து, வருகிறவர்களோடு வம்பளந்துகொண்டிருந்தவள் அவள். இப்போது பின்னறையில் கிடந்து மேலே கூரையையும் பக்கத்தில் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருந்தது. எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. பால் சூடு என்றாள், கொஞ்ச நேரத்தில் ஆறிவிட்டது என்றாள். நான் சத்தமாகப் பிரார்த்தனை செய்தால் தலை வலித்தது. மெதுவாகச் செய்தால், என்னைப் பற்றித்தானே முணுமுணுக்கிறீர்கள் என்றாள். கடைசியில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தாள். அங்கே பேச்சுத்துணைக்காவது ஆள் இருக்குமாம். அவள் தம்பி ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டான். ஒரு பகல் முழுக்கக் குண்டும் குழியுமான ரோடு.

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லேன்டா என்று தம்பியிடம் கெஞ்சினேன். சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாலு குருவி வந்தாலாவது பொழுது போகும் என்று அவள் எப்போதோ அலுத்துக்கொண்டாளாம். அதைப் பிடித்துக்கொண்டான். கொல்லையில் ஜன்னலுக்கு நேரே ஒரு மரம் நிற்கிறது. கூரை வைத்த மரப்பெட்டி ஒன்று செய்து, அதில் தீனி போட்டு, கிளையில் தொங்கவிடப் போகிறேன் என்றான். கடையில் விற்கிறதே, வாங்கி மாட்டு என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பழைய பெட்டி ஒன்றைப் பிரித்துப் பலகை எடுத்தான். கழுத்தில் கிடந்த டேப்பால் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு வழியாக அறுத்து முடித்தான். சேர்த்துப் பார்த்தால் எந்த மூலையும் எந்த மூலையோடும் சேரவில்லை. பக்கப்பலகைகள் நீட்டிக்கொண்டு நின்றன. கூரை உட்காரவே மாட்டேன் என்றது. அந்த வழியாகப் போன தச்சர் உள்ளே வந்து ஒரு பலகையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பா, எல்லாத்துலயும் அரை அங்குலம் விட்டு அறுத்திருக்கியே. இதை மடிச்சுத் தைக்கப் போறியா?"

தம்பியின் காது சிவந்தது. தள்ளு, நானே பண்ணித் தருகிறேன் என்று தச்சர் உட்காரப் போனார். இவன் ரம்பத்தைக் கொடுக்கவில்லை. கூடுதலை அறுத்தெறிகிற ஆத்திரத்தில் ஒரு பலகையை இரண்டு பக்கமும் அறுத்துக் குட்டையாக்கினான். இன்னொன்றில் ஓரமாக ஆணி அடித்து நெடுகப் பிளந்தான். அதற்கடுத்த ஆணிக்குச் சுத்தியல் அவன் கட்டைவிரலில் இறங்கியது. தைக்கக் கொடுத்திருந்தவர்கள் கடை பூட்டியிருக்கிறதென்று வீட்டுக்கே வந்து என்னிடம் சத்தம் போட்டார்கள். உள்ளே அவள், மண்டைக்குள்ளேயே ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது, நிறுத்தச் சொல்லுங்கள் அண்ணி என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்ப் போய் எனக்கு அலுத்துவிட்டது. கடவுளே, எனக்குப் பொறுமையைக் கொடு, இல்லையென்றால் இவனுக்குக் கொஞ்சம் புத்தியைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். இரண்டில் எதுவும் உடனே கிடைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி என்று ஒன்று உருவாகியிருந்தது. முதலில் ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டான். தலை சாய்ந்து தானியத்தையெல்லாம் தரையில் கொட்டியது. குருவிக்கு முன்னால் எறும்பு வந்து சேர்ந்தது. பிறகு நாலு மூலையிலும் கயிறு கட்டி, தீனி போட வசதியாகத் தன் மார்பு உயரத்துக்கு மாட்டினான். நேராக நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பாரு என்றான்.

அவள் ஜன்னலையே பார்த்தாள்.

"எங்க?"

"அதோ, தொங்குது பாரு."

"எனக்குக் கயிறுதான் தெரியுது."

நான் குனிந்து அவள் தலையணை உயரத்திலிருந்து பார்த்தேன். உண்மைதான். கிளை தெரிந்தது, அதிலிருந்து இறங்குகிற நாலு கயிறு தெரிந்தது. பெட்டி ஜன்னல் கட்டைக்குக் கீழே மறைந்துபோயிருந்தது.

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அவளுக்குப் பொங்கி வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"முன்னப்பின்ன தெரியாதவங்களைக்கூட நிக்க வச்சு, கையைத் தூக்கச் சொல்லி, அளவெடுத்துத்தானே தைக்கிறீங்க. எனக்குன்னு ஒண்ணு செய்யறப்ப மட்டும் அளவெடுக்கணும்னு தோணலையா? நான் படுத்துக் கிடக்கேன். நீங்க நிக்கிற ஆளுக்குச் செஞ்சு மாட்டியிருக்கீங்க."

பிறகு என்னிடம், துணிகளைப் பையில் எடுத்து வையுங்கள் என்றாள். வைத்தேன். வேறென்ன செய்வது?

தம்பி வெளியே போய்விடுவான் என்று நினைத்தேன். அதுதான் அவன் வழக்கம். போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் தலைக்குப் பக்கத்தில் தலையணையில் தன் தலையை வைத்து ஜன்னலைப் பார்த்தான். பிறகு கழுத்திலிருந்து டேப்பை எடுத்து ஒரு முனையை அவளிடம் நீட்டினான்.

"கண்ணுகிட்ட பிடி."

அவள் வாங்கவில்லை. டேப் போர்வைமேல் விழுந்து கிடந்தது. அதற்குமேல் பார்க்க முடியாமல் நான் அடுத்த அறைக்கு வந்து பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது. இழுக்காதீங்க, மூக்கை அறுக்குது என்றாள். கண்ணு எங்கே, மூக்கு எங்கே, ஒழுங்கா பிடி என்றான் இவன்.

மறுநாள் கார் வந்து நின்றபோது தம்பி கொல்லையில் முக்காலிமேல் ஏறி நின்று கயிறுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் தம்பி உள்ளே வந்து பையைத் தூக்கினான்.

"கிளம்பலாமாக்கா?"

அவள் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"ரொம்ப ஏத்தாதீங்க, அடிப்பலகைதான் தெரியுது. கொஞ்சம் இறக்குங்க. அவ்வளவு இல்லைங்க. அந்த இடது மூலை தொங்குது பாருங்க."

"அக்கா, வெயிலுக்கு முன்னாடி போயிடணும்."

"எங்கடா போறது? இந்த மனுஷன் அதை நேரா மாட்டுறதுக்குள்ள எனக்குப் பிரசவமே ஆயிடும். நான் இந்தப் பக்கம் போனா, அந்தப் பக்கம் கோணலா கட்டிட்டு வந்துடுவாரு. பையை வச்சுட்டுப் போய் முக்காலியைப் பிடி. விழுந்து தொலைக்கப் போறாரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கி முடிக்கும்வரை ஒரு குருவிகூட வரவில்லை. எப்படி வரும்? கிளைக்குக் கீழே இரண்டு ஆம்பிளைகள் எந்த மூலை தாழ்வு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே படுத்தபடி அவள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.