மகளின் மிஷினுக்கு முருகேசு ஊற்றிய தண்ணீர்

உரும்பிராய் முருகேசுவுக்கு உலகத்தில் இரண்டே பெருமைகள்தான். ஒன்று அவருடைய கிணறு, மற்றது மகள் நிவேதனா. கிணற்றைப் பற்றி வாய் ஓயாமல் கதைப்பார். மகளைப் பற்றி ஒரு சொல் வெளியே வராது. மகளோடும் அப்படித்தான். "சாப்பிட்டியே பிள்ளை?" என்பார், "ஓம் அப்பா" என்பாள், அதோடு அன்றைய பேச்சுவார்த்தை முடிந்துவிடும். மனுசன் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பாசம் தொண்டைக்குழி வரைக்கும் வரும். அதற்கு மேலே வர வழி தெரியாது, அவ்வளவுதான்.

நிவேதனா கம்பஸில் படிக்கிறாள். படித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கொம்பியூட்டரில் துப்பாக்கிச் சுடுபாட்டு விளையாட்டு. அதுவும் தனியாக இல்லை, ஐந்து பேர் கொண்ட அணி. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மற்ற நாலு பேரோடும் அவள் போடுகிற சத்தம் வெங்காயத் தோட்டம் வரை கேட்கும். ஜேர்மனியில் இருக்கிற பெரியப்பா மகன் கஜானன் தனக்குப் புதிது வாங்கியபோது, பழைய கிராபிக்ஸ் கார்ட் இரண்டையும் தங்கச்சிக்கு அனுப்பிவைத்தான். படம் துடிப்பாக ஓடுவதற்கு அவைதான் உயிர். ஆனால் ஒன்று கக்குகிற சூடே போதும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிடந்தால் கேட்கவா வேண்டும்? கீழே இருக்கிறதின் வெக்கையெல்லாம் மேலே இருக்கிறதின் தலையில். சித்திரை வெயிலில் அந்த அறை பாண் வேகிற போறணை அடுப்புத்தான். உள்ளே இருக்கிற காற்றாடிகள் வேறு பேய் பிடித்ததுபோல் இரையும்.

"சனியன், ஏன் உப்பிடி இரையுது?" என்று முருகேசு முற்றத்தில் நின்றே திட்டுவார்.

கடைசியில் அவள் காற்றை நம்பிப் பயனில்லை என்று தண்ணீருக்கு மாறினாள். கார்ட்களின் மேல் செப்புத் தகடு, தகட்டிலிருந்து ரியூப், சின்னதாய் ஒரு பம்ப், தண்ணீருக்கு ஒரு கண்ணாடிப் போத்தல், சூட்டை ஆற்ற ஒரு ரேடியேட்டர். எல்லாவற்றையும் பூட்டி முடித்த அன்றுதான் முருகேசு முதன்முதலாக மகளின் அறை வாசலில் வந்து நின்றார்.

"உது ரேடியேட்டர்தானே?"

"ஓம் அப்பா. எங்கடை ட்ரக்டரில இருக்கிற மாதிரித்தான். தண்ணி சுத்திச் சுத்தி வந்து சூட்டை எடுக்கும்."

"அட!" என்றார் முருகேசு. அப்பாவும் மகளும் வருசக்கணக்கில் கதைத்ததில் ஆக நீளமான கதை அதுதான். அன்றையிலிருந்து அந்தச் சனியன் அவருக்குச் செல்லப்பிள்ளையாகிவிட்டது.

ட்ரக்டரை முப்பது வருசம் மேய்த்தவர் ரேடியேட்டர் தண்ணீரைப் பழசாக விடலாமா? வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவுகிற நாள். மனைவி உதயகலா கூடத்தைக் கழுவிக்கொண்டிருப்பாள், மகள் கம்பஸ் போயிருப்பாள். முருகேசு மெல்ல அறைக்குள் போவார். அடியில் இருக்கிற சின்னக் குழாயைத் திறந்து பழைய தண்ணீரை வடிப்பார். விடிய அள்ளிவந்த கிணற்றுத் தண்ணீரைப் புனல் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல், பழந்துணியால் ஒற்றி ஒற்றி ஊற்றுவார். மகள் இதற்கென்று பற்றறிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவைத்திருந்தது அவருக்குத் தெரியும். "இந்தக் கிணத்தை வீட்டில வைச்சுக்கொண்டு கடையில தண்ணி வாங்குது, விசர்ப்பெட்டை" என்று தனக்குள் சிரித்துக்கொள்வார். நல்ல தண்ணீர், பக்கத்து ஊர்க்காரர் கலன் கொண்டுவந்து அள்ளிப்போகிற தண்ணீர், பிள்ளையின் மிஷினுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லுகிற ஆள் என்றால் இந்தக் கதையே இல்லையே.

சில மாதம் போக, இலங்கை முழுக்க நடந்த போட்டியில் நிவேதனாவின் அணி அரையிறுதி வரை வந்துவிட்டது. வென்றால் கொழும்பில் மேடையேறி இறுதி ஆட்டம். அரையிறுதியில் மூன்று ஆட்டம், இரண்டை வெல்லவேண்டும். சனிக்கிழமை முதல் ஆட்டம். நடுவிலேயே கொம்பியூட்டர் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. அந்த ஆட்டம் கைவிட்டுப் போனது. ஞாயிறு பின்னேரம் நடக்கிற மற்ற இரண்டையும் வென்றால்தான் இனிக் கொழும்பு.

பிள்ளை அழவில்லை. திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினாள். செப்புத் தகட்டைத் திறந்தால், மயிர் போன்ற அதன் வாய்க்கால்களெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கல். எழும்பிக் குசினிக்குப் போய் கேத்திலின் மூடியைத் திறந்து அடியைப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்துப் பிடித்த அதே வெள்ளைக் கல். திரும்பி வந்து, வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து மிச்சத் திருகாணிகளைக் கழற்றினாள்.

 திட்டியிருந்தால் முருகேசு தாங்கியிருப்பார். நான்தான் ஊற்றினேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். வழக்கம்போலத் தொண்டைக்குழியோடு நின்றுவிட்டது.

"கேத்திலுக்கு நான் வினாகிரி விடுறனான். உதுக்கும் விட்டுப் பார் பிள்ளை" என்றாள் உதயகலா. விட்டார்கள். நுரைத்துக்கொண்டு கல் கழன்றது. விடிய, கடைத் தண்ணீரால் அலசிப் பூட்டிப் பார்த்தபோது ஒரு கார்ட் கண் விழித்தது. மற்றது எழும்பவேயில்லை.

"ஒண்டு போட்டுது அம்மா" என்றாள் நிவேதனா. அம்மாவுக்குத்தான் சொன்னாள், அப்பாவுக்கு இல்லை. மேசையில் கிடந்த அந்தச் செத்த கார்டை முருகேசு பார்த்துக்கொண்டே இருந்தார். இனி இந்த அறை வாசலை மிதிக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று நினைத்தார். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

பின்னேரம் ஆட்டம் தொடங்க முன்னரே அவளுடைய குரல் வெளியே கேட்டது. அணிக்காரர் கேள்வி கேட்கிறார்கள் போல.

"தகட்டுக்குள்ள கல்லுப் பிடிச்சிட்டுது. தண்ணி மாத்திறது என்ரை வேலை. பிழை விட்டது நான்தான், சொறி."

கிணற்றடியில் நின்ற முருகேசுவுக்குப் பொறுக்கவில்லை. ஈரக்காலோடு விறுவிறென்று உள்ளே போய், மகளின் தோளுக்கு மேலால் குனிந்து, ஹெட்செட்டில் நீட்டிக்கொண்டிருந்த மைக்குக்குள் தோட்டத்தில் ஆள் கூப்பிடுகிற குரலில் கத்தினார்:

"தம்பிமார், தங்கச்சிமார்! பிள்ளை பொய் சொல்லுது! தண்ணி ஊத்தினது நான், அவளின்ரை தேப்பன்! அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ!"

நிவேதனா காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரியும் அப்பா. கேத்திலைப் பார்த்த உடனை தெரியும்."

"பிறகேன் என்னைப் பேசேல்லை?"

"என்னெண்டு பேசிறது? இவ்வளவு கல்லுப் பிடிக்கிற அளவுக்கு, மாதக்கணக்கா ஒருத்தருக்கும் தெரியாமல் வந்து செய்திருக்கிறியள்." பக்கத்துக் கதிரையிலிருந்த உடுப்புகளை அள்ளிக் கட்டிலில் எறிந்தாள். "இருங்கோ. இருந்து பாருங்கோ."

முருகேசு இருந்தார். யார் எவரென்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. "அடி பிள்ளை, அவனை விடாதை!" என்று துள்ளினார். "ஐயோ அப்பா, அவன் எங்கடை ஆள்!" என்றாள். ஒற்றைக் கார்டோடு படம் தட்டுத்தடுமாறித்தான் ஓடியது. இரண்டாவது ஆட்டத்தை எப்படியோ பிடித்தார்கள். மூன்றாவது மயிரிழையில் போய்விட்டது. கொழும்பும் போய்விட்டது.

முருகேசு தலையைக் குனிந்துகொண்டார். "என்னாலைதானே பிள்ளை" என்றார்.

அவள் ஹெட்செட்டில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஓமோம், அடுத்த போட்டிக்குப் பெயர் குடுங்கோ. மிஷின் ஓகே. சூட்டைப் பற்றி யோசியாதேங்கோ, எனக்குத் தண்ணி பார்க்கிறது எங்கடை அப்பா."