பாப்பத்துக்கு எவ்வளவு போடுறது?

ஓம் எண்டால் ஒண்டு. ஏலாது எண்டால் பூச்சியம். என்ரை கரைச்சல் முழுக்க அப்பாவின்ரை 'பாப்பம்' எண்ட சொல்லோடைதான்.

எண்பதுகளின்ரை கடைசி. நெல்லியடியிலையிருந்து பஸ் ஏறி, யாழ்ப்பாண ரவுணிலை கொம்பியூட்டர் வேலைக்குப் போய்வருவன். 'கொஞ்சம்', 'கிட்டத்தட்ட', 'பரவாயில்லை' எண்டு மனுசர் கதைக்கிற வழவழ கொழகொழச் சொற்களைப் பூச்சியத்துக்கும் ஒண்டுக்கும் இடையிலை எண்களாக்கி, கொம்பியூட்டரை யோசிக்க வைக்கிற கணக்கு அப்பதான் எனக்குப் பிடிபட்டது. விசர் பிடிச்ச மாதிரி அதோடையே கிடந்தன். அதையே மேலை படிக்கக் கொழும்பிலை இடமும் கிடைச்சுது. போகட்டோ எண்டு அப்பாட்டைக் கேட்டன். மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, "பாப்பம்" எண்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பாப்பம், பாப்பம்! பதில் போடவேண்டிய நாளும் கிட்டுது. சரி, இந்தச் சொல்லையே கணக்காக்கிறன் எண்டு வெளிக்கிட்டன்.

"கொப்பற்றை பாப்பம் எண்டால் இல்லையெண்டதுதான், உனக்குத் தெரியாதே?" எண்டா அம்மா. அண்ணை, "அரைவாசி போடு" எண்டார். அவர் சைக்கிள் கேட்டபோதும் பாப்பம்தான், சைக்கிள் வந்தது. நான் படம் பாக்கக் கேட்டபோதும் பாப்பம்தான், படம் ஓடி முடிஞ்சுது. பேப்பர் வாசிச்சுக்கொண்டு சொன்னால் எவ்வளவு, முகத்தைப் பாத்துச் சொன்னால் எவ்வளவு எண்டு விதியெல்லாம் எழுதிக் கொம்பியூட்டரிலை ஏத்தினன். கண்ணாடி கழட்டினதை எங்கை சேக்கிறது எண்டு தெரியேல்லை, விட்டிட்டன். பூச்சியம் தசம் மூண்டு எண்டு வந்தது. அப்ப விடமாட்டார். அண்டைக்குச் சாப்பிடவும் மனமில்லை.

"சோத்தோடை என்ன கோவம்?" எண்டு அப்பா கேக்க, ஆத்திரத்திலை எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். அவருக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு.

"எடி பிள்ளை, என்னையோ போட்டு அளந்தனி?"

"அப்ப நீங்களே சொல்லுங்கோ, எவ்வளவு?"

அப்பா சோத்துக் கோப்பையை என்ரை பக்கம் தள்ளிவைச்சார். "உன்னை அனுப்ப விருப்பம். அதுக்கு ஒண்டு போடு. இந்தச் சண்டைக்குள்ளை ரோட்டு நிலவரத்தை நினைக்கப் பயம். அதுக்கும் ஒண்டு போடு."

நான் ஒரு சொல்லுக்கு ஒரு எண்ணைத் தேடிக்கொண்டு திரிஞ்சன். மனுசன் ரெண்டையும் முழுசா வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்திட்டுது.

போக விட்டார். பஸ்ஸடி மட்டும் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் வெளிக்கிடேக்கை, "எப்ப பிள்ளை திரும்பி வருவாய்?" எண்டு கேட்டார். எனக்குக் கொழும்பும் வேணும், அவரும் வேணும்.

"பாப்பம் அப்பா" எண்டன்.

அப்பா கண்ணாடியைக் கழட்டினார்.