தேவாவின் தண்ணீர் கேன்

உங்கள் கையை நீங்களே செங்கல்லால் தேய்த்திருக்கிறீர்களா? தேவா தேய்த்திருக்கிறான். இப்போது தேய்ப்பதில்லை, பார்ப்பதோடு சரி. உப்புப் பாத்தியில் இறங்கும் முன் முன்கைகளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். நாலடி நடக்கிறான், மறுபடி பார்க்கிறான்.

உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டுத் தோல் வெந்து சிவக்கும். சிவப்பு அடங்கிய இடம் திட்டுத் திட்டாகக் கறுத்துப்போகும். மரக்காணம் உப்பளத்தில் மற்றவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். தேவாவால் முடியவில்லை. குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் பரிமாறுகிற வேலை கேட்டுப் போனபோது மேனேஜர் தள்ளி நின்றே பேசினார்: "தொத்து வியாதி மாதிரி இருக்குதுப்பா. கை க்ளியர் ஆனதும் வா, பாக்கலாம்."

அன்றிலிருந்து எலுமிச்சை, சோப்பு, செங்கல். போன ஜென்மத்துப் பாவம் என்றார் சித்தப்பா காசிலிங்கம். உப்புத்தண்ணீர் எட்டும் உயரத்தோடு நின்றுவிடுகிற பாவம் எந்த ஊரில் இருக்கிறது? மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு கேட்காமலே ஒரு டியூப் கொடுத்தார்கள். தடவியதும் வெளுத்தது. கையை வீசி வீசி நடந்தான். நிறுத்தியதும் எரிச்சலோடு முன்னைவிடக் கறுத்தது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் நிதானமாகச் சொன்னார்: "இது வியாதி இல்லப்பா. புண்ணு ஆறின கறுப்பு. தேய்ச்சா இன்னும் கறுக்கும். அந்த டியூபைத் தொடாத. கரையேறினதும் நல்ல தண்ணியில கழுவு, வேசலின் போடு, வெயில் படாம மூடிக்க. மாசக்கணக்குல ஆகும், ஆனா மங்கிடும்."

நல்ல தண்ணீருக்கு எங்கே போவான்? லாரி லாரியாக உப்பு ஏற்றி அனுப்பும் முதலாளி, பாத்திக்கரைக்கு ஒரு குழாய் போடவில்லை. கையுறை கேட்டால் மேஸ்திரி சிரிக்கிறார். அதனால் தேவா வீட்டிலிருந்தே சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருகிறான்.

"ஏம்பா, பாத்ரூமையே தூக்கினு வர்றியா?" என்பாள் கூட வேலை செய்யும் ஆரோக்கியசெல்வி.

"சிரி அக்கா, சிரி. ஓட்டல்ல சேந்ததும் உனக்கு ஓசியில காபி."

"அப்ப நான் வந்தா யாருன்னு கேப்ப நீ."

திட்டுகளின் ஓரம் இப்போது மங்கத் தொடங்கியிருக்கிறது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். தேவாவுக்கு நிலைகொள்ளவில்லை. இன்னொரு முறை வெந்தால் போச்சு என்று அடிக்கடி கரையேறி மேஸ்திரியிடம் திட்டு வாங்குகிறான்.

நேற்று உச்சிவெயிலில் கரையேறிக் கேனைத் தூக்கினான். மற்றவர்கள் குடித்தது போக அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அப்போது ஆரோக்கியசெல்வி உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். விரலிடுக்கு வெடித்து உப்பு இறங்கியிருந்தது. எப்போதும் கேலி பேசுகிற வாய் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. தேவா தன் கைகளைப் பார்த்தான்.

"கையை நீட்டுக்கா."

"உனக்கு?"

"நீட்டு, பேசாத."

கேன் காலியாகும்வரை ஊற்றினான். அவன் முன்கைகளில் உப்பு வெள்ளையாகக் காய ஆரம்பித்தது. இரண்டையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்து, வாயால் ஊதிக்கொண்டே வரப்பில் ஓடினான். ஊர்க் குழாய் ரொம்ப தூரம்.

உப்பளம் வைத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரியுமானால், பாத்திக்கரையில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் போடச் சொல்லி இன்றே கேளுங்கள்.